தங்கைக்கு பிஆர்சிஏ நெகட்டிவ், அப்புறம் இந்தக் கேன்சர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் தங்கைக்கு 41 வயது. வலது சினைப்பையில் பல வருடமாக ஒரு சாக்லேட் சிஸ்ட் இருந்தது. சமீபத்தில் எடுத்த ஸ்கேனில் அது திடீரென்று பெரிதாகத் தெரிந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். பயாப்ஸியில் ‘கிளியர் செல் கார்சினோமா’ என்று வந்திருக்கிறது. முதல் நிலை என்கிறார்கள். ரத்தத்தில் பிஆர்சிஏ டெஸ்ட் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கிற மரபணு டெஸ்ட்) எடுத்தோம், நெகட்டிவ். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததில்லை, அப்பாவின் அக்காவுக்கு மட்டும் 47 வயதில் பெருங்குடலில் வந்தது. மரபணுவில் ஒன்றும் இல்லையென்றால் இது எப்படி வந்தது? டாக்டர் போகிற போக்கில் “இது சினைப்பையில் பிறந்த நோயே இல்லை, கர்ப்பப்பை உள்சுவர் செல்லிலிருந்து வந்தது” என்றார். அப்படியென்றால் பரவிவிட்டதா? தங்கையின் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு ஓலாபரிப் மாத்திரை தருகிறார்கள், இவளுக்கு அது வேண்டாம் என்கிறார்கள். அம்மாவோ, “மாதவிடாய் வலி எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள் என்று நான்தானே சொன்னேன்” என்று அழுதுகொண்டே இருக்கிறார். நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? என் மகளுக்கு 16 வயது, அவளுக்கும் மாதாமாதம் கடுமையான வலி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற அந்த ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். “சினைப்பையில் பிறந்த நோயே இல்லை” என்று டாக்டர் சொன்னதற்குப் பரவிவிட்டது என்று பொருள் கிடையாது. முதல் நிலை என்றால் முதல் நிலைதான். கட்டியாக மாறிய செல்லின் பூர்வீகம் எது என்பதைத்தான் அவர் சொல்ல வந்திருக்கிறார், அவசரத்தில் சொன்னதால் உங்கள் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. நான் பேத்தாலஜிஸ்ட், அதாவது ஆபரேஷனில் எடுத்த திசுவை வெட்டி, ஸ்லைடாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று ரிப்போர்ட் எழுதுகிற ஆள். இந்தப் பூர்வீகக் கதை எங்களுக்கு அன்றாடப் பேச்சு, ஆனால் நோயாளியின் வீட்டாருக்கு அதை உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சினைப்பைப் புற்றுநோய் ஒரே நோய் கிடையாது. ஒரே விலாசத்தில் தங்கியிருக்கிற, ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத ஆட்களைப் போன்றவை இவை. சிலர் அந்த வீட்டிலேயே பிறந்தவர்கள், சிலர் அடுத்த வீட்டிலிருந்து வந்து தங்கியவர்கள், சிலர் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். பிறந்த திசு வேறு, கெட்டுப்போன மரபணு வேறு, கட்டுப்படுகிற மருந்தும் வேறு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுப்பதை உங்கள் தங்கைக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம். அவருக்கு வந்த நோயும் இவருக்கு வந்த நோயும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு.

அவருக்கு வந்தது பெரும்பாலும் ‘ஹை கிரேடு சீரஸ்’ வகையாக இருக்கும். சினைப்பையின் மேற்புறத் திசுப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு இந்த வகைதான், அதனால்தான் பொதுவாகச் சினைப்பைக் கேன்சர் பற்றி எங்கே எதைப் படித்தாலும் இதைப் பற்றியே படிக்கிறீர்கள். சுவாரசியம் என்னவென்றால் இதுவும் பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதில்லை. 2001ஆம் ஆண்டு வாக்கில், பரம்பரை ஆபத்து உள்ள பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக எடுத்த கருக்குழாய்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தபோதுதான், குழாயின் விரல் போன்ற நுனியில் மிகச் சிறிய ஆரம்ப மாற்றங்கள் இருப்பது தெரியவந்தது. அங்கிருந்து உதிர்ந்த செல்கள் பக்கத்தில் இருக்கிற சினைப்பையில் ஒட்டி வளர்கின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. இந்த வகையில் டிபி53 என்ற மரபணு கிட்டத்தட்ட எல்லோரிடமும் கெட்டிருக்கும், 2011இல் வெளிவந்த பெரிய மரபணுத் தொகுப்பாய்வில் 96 சதவீதக் கட்டிகளில் அதைப் பார்த்தார்கள். பிஆர்சிஏ பிறவியிலேயே கெட்டிருப்பதும் இந்த வகையில்தான் அதிகம். பிஆர்சிஏ இல்லாத செல்லுக்கு டிஎன்ஏவில் விழுகிற பெரிய முறிவைச் சரியாக ஒட்டத் தெரியாது, ஓலாபரிப் அதற்கு இருக்கிற மாற்று வழியையும் அடைத்துவிடுகிறது, செல் செத்துப்போகிறது. உங்கள் தங்கையின் கட்டி வகையில் அந்த ஒட்டுகிற வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். மாற்று வழியை அடைத்தாலும் அந்தச் செல் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் மாத்திரை வேண்டாம் என்றார்கள். செலவுக்குப் பயந்தோ அக்கறை இல்லாமலோ சொன்னதில்லை.

சரி, கிளியர் செல்லுக்கு வருவோம்.

சாக்லேட் சிஸ்ட் என்பது எண்டோமெட்ரியோசிஸின் ஒரு வடிவம். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்க வேண்டிய திசு, அதற்கு வெளியே, சினைப்பையிலும் வயிற்றுச் சவ்விலும் போய் ஒட்டிக்கொண்டு வளர்வது. மாதவிடாயின்போது ரத்தம் கீழே போவதோடு கொஞ்சம் பின்னோக்கிக் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள்ளும் போகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது நடக்கிறது, ஆனால் சிலருக்குத்தான் அந்தச் செல்கள் அங்கே வேர் பிடிக்கின்றன. சினைப்பைக்குள் வேர் பிடித்தால் மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து, வெளியேற வழியில்லாமல் தங்கி, பழுப்பேறிக் கெட்டியாகிவிடும். அந்த நிறத்தை வைத்து வந்த பேர்தான் சாக்லேட் சிஸ்ட். டாக்டர் “கர்ப்பப்பை உள்சுவர் செல்” என்றது இதைத்தான். கேன்சர் கர்ப்பப்பையிலிருந்து வரவில்லை, கேன்சராக மாறுவதற்குப் பல வருடம் முன்பே சாதுவான செல்லாக வந்து தங்கியது, அங்கே மாறியிருக்கிறது.

இதை முதலில் சொன்னவர் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன், 1925இல். எண்டோமெட்ரியோசிஸிலிருந்து கேன்சர் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் இரண்டும் ஒரே சினைப்பையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டு என்றார். இன்றும் நாங்கள் ஸ்லைடில் தேடுவது அதையேதான். உங்கள் தங்கையுடையது போன்ற கட்டி எங்கள் மேசைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சிஸ்டைத் திறந்தால் பழைய ரத்தம் வழியும். கழுவிவிட்டுப் பார்த்தால் உள்சுவர் பெரும்பகுதி வழவழப்பாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளிர் மஞ்சளாக, சதைப்பிடிப்பாக ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். அந்த முடிச்சும் அதை ஒட்டிய சுவரும் சேர்ந்து வருகிற மாதிரி துண்டு எடுப்போம். மைக்ராஸ்கோப்பில் ஒரு ஓரத்தில் சாதாரண எண்டோமெட்ரியோசிஸ், அப்படியே நகர்த்திக்கொண்டு போனால் கொஞ்சம் கோணல்மாணலான செல்கள், அதையும் தாண்டினால் கேன்சர். கேன்சர் செல்லின் உடல் காலியாக, கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரியும். உள்ளே இருந்த கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் ஸ்லைடு தயாரிக்கும்போது கரைந்து போய்விடுவதால் வருகிற தெளிவு அது. சில செல்களில் உட்கரு மட்டும் ஆணித்தலை போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

மரபணு விஷயம் இங்கேதான் வருகிறது. 2010இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்று கனடாவின் வான்கூவரில், இன்னொன்று அமெரிக்காவின் பால்டிமோரில், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: கிளியர் செல் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் ஏஆர்ஐடி1ஏ என்ற மரபணு கெட்டிருக்கிறது (ஒரு குழு 46 சதவீதம் என்றது, மற்றது 57). டிஎன்ஏ செல்லுக்குள் இறுக்கிச் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருக்கும், எந்த மரபணு வேலை செய்ய வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் தளர்த்திக் கொடுக்கிற ஒரு புரதக் கூட்டத்தில் ஏஆர்ஐடி1ஏ ஒரு முக்கியமான உறுப்பினர். அது இல்லாவிட்டால் தளர வேண்டியது தளராது, அடங்கியிருக்க வேண்டியது திறந்துகொள்ளும். இதோடு பிஐகே3சிஏ என்ற மரபணுவும் பல கட்டிகளில் மாறியிருக்கும், அது செல்லை “வளர், வளர்” என்று தூண்டுகிற பாதையை எப்போதும் திறந்தே வைத்துவிடும். டிபி53 பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரரின் கட்டியோடு ஒப்பிட்டால் தலைகீழ்.

ஏஆர்ஐடி1ஏவின் புரதம் இருந்தால் பழுப்பாகும்படி ஒரு சாயம் போடலாம். வான்கூவர் குழு பார்த்த சில கட்டிகளில், கேன்சர் செல்களில் மட்டுமல்லாமல் அதை ஒட்டியிருந்த, இன்னும் கேன்சராகாத எண்டோமெட்ரியோசிஸ் செல்களிலும் பழுப்பு போயிருந்தது, சற்று எட்டி இருந்த எண்டோமெட்ரியோசிஸில் பழுப்பு அப்படியே இருந்தது. ஒரே பெண்ணின் உடம்புக்குள், ஒரு இடத்தில் மரபணு கெட்டு, அங்கிருந்து கேன்சர் கிளம்பியதை இப்படிக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. இத்தனை வருடம் ஸ்லைடு பார்த்த பிறகும் இந்தப் படம் என்னைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்.

“மரபணுவில் ஒன்றும் இல்லையென்றால்” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மரபணு மாற்றம் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் இல்லை, கட்டியில் இருக்கிறது. ரத்தத்தில் பார்ப்பது அம்மா அப்பாவிடமிருந்து வந்து உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிற மாற்றத்தை. ஏஆர்ஐடி1ஏ, பிஐகே3சிஏ மாற்றங்கள் அப்படி வருவதில்லை, வளர்ந்த பிறகு அந்த ஒரு செல்லில், அதன் வாரிசுகளில் மட்டும் ஏற்படுபவை. அவை உங்களுக்கும் வராது, தங்கையின் பிள்ளைகளுக்கும் போகாது. அதற்காக பிஆர்சிஏ டெஸ்ட் வீண் என்று நினைக்காதீர்கள், மேற்புறத் திசுவில் வரும் சினைப்பைக் கேன்சர் எல்லாவற்றுக்கும் அதைப் பார்ப்பதுதான் முறை, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கிளியர் செல் வகைக்கு அதைவிட முக்கியமான வேறொரு பரம்பரைக் கேள்வி இருக்கிறது.

அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்து போன உங்கள் அத்தை. 47 வயதில் பெருங்குடல் கேன்சர். உங்கள் கடிதத்திலேயே நான் இரண்டு முறை படித்த இடம் அதுதான்.

லிஞ்ச் சிண்ட்ரோம் என்று ஒரு பரம்பரை நிலை உண்டு. டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது விழுகிற சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துகிற மரபணுக்கள் இருக்கின்றன: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பெருங்குடல், கர்ப்பப்பை உள்சுவர், சினைப்பை ஆகிய இடங்களில் இளவயதிலேயே கேன்சர் வர வாய்ப்பு கூடுகிறது. லிஞ்ச் குடும்பங்களில் வருகிற சினைப்பைக் கேன்சர் பெரும்பாலும் எண்டோமெட்ரியாய்டு அல்லது கிளியர் செல் வகையாக இருக்கும். மார்பகக் கேன்சர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தால் இந்தக் குடும்பம் கண்ணில் படாது. அப்பா வழியாகவும் வரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள், பெண்களுக்கு வருகிற நோய் என்பதாலேயே அப்பா பக்கத்தைப் பலரும் கேட்பதில்லை.

உங்கள் தங்கைக்கு லிஞ்ச் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கிளியர் செல் வந்த பெரும்பாலோருக்கு அது இருக்காது. ஆனால் பார்க்காமல் விடக் கூடாது, பார்ப்பதும் சுலபம். ஆபரேஷனில் எடுத்த திசு, மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்காக லேபில் பத்திரமாக இருக்கும், புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து அந்த நான்கு புரதங்களுக்கும் சாயம் போடச் சொல்லுங்கள், ‘எம்எம்ஆர் இம்யூனோ’ என்று கேட்டால் புரியும். ஒருவேளை ஏற்கெனவே போட்டிருக்கலாம், ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நான்கும் இருந்தால் தங்கையின் கட்டி லிஞ்ச் வழியில் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் காணோம் என்றால் பரம்பரைச் சந்தேகம் வலுக்கிறது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 காணோம் என்றால் அவசரப்படாதீர்கள், பரம்பரை இல்லாமலேயே கட்டிக்குள் எம்எல்எச்1 அணைந்துபோவது உண்டு, அதற்கு இன்னொரு டெஸ்ட் செய்து பிரித்துப் பார்ப்பார்கள். புரதம் காணாமல் போவதில் ஒரு பயனும் இருக்கிறது: நோய் பின்னால் திரும்பி வர நேர்ந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அப்படிப்பட்ட கட்டிகளில் வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

நீங்கள் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் இதிலிருந்துதான் வரும். முதலில் தங்கையின் கட்டி, அப்புறம் தேவைப்பட்டால் தங்கையின் ரத்தம், அதில் குறிப்பாக ஒரு மாற்றம் கிடைத்தால் மட்டுமே உங்கள் ரத்தம். அப்படிக் கிடைத்தால் உங்களிடம் இருக்க 50 சதவீத வாய்ப்பு. இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்து, கேன்சராவதற்கு முன்பே குடல் கட்டிகளை எடுத்துவிட முடியும், கர்ப்பப்பை சினைப்பை பற்றியும் வயதுக்கேற்ப முடிவெடுக்கலாம். இல்லையென்றால் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். அதற்கு முன் ஒரு வேலை, எடுத்த பிஆர்சிஏ ரிப்போர்ட்டில் எத்தனை மரபணுக்களைப் பார்த்தார்கள் என்று பட்டியல் இருக்கும். பல லேப்களில் இந்த நான்கையும் சேர்த்தே பார்த்துவிடுவார்கள், உங்களுக்கு “பிஆர்சிஏ நெகட்டிவ்” என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். பட்டியலில் இருந்து, எல்லாம் நெகட்டிவ் என்றால் பாதி பதில் கையிலேயே இருக்கிறது. தங்கைக்கு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அத்தையின் கதையை மரபணு ஆலோசகரிடம் தனியாகச் சொல்லுங்கள், அத்தையின் பிள்ளைகளுக்கு அது முக்கியம்.

மற்ற அரிய வகைகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் தேடிப் படிப்பீர்கள், மற்றவர்களின் அனுபவத்தைத் தங்கையோடு ஒப்பிடுவீர்கள், ஒப்பிடக் கூடாதவற்றை ஒப்பிட்டுப் பயப்படுவீர்கள்.

கிளியர் செல்லுக்கு உடன்பிறப்பு என்றால் எண்டோமெட்ரியாய்டு வகைதான். அதுவும் எண்டோமெட்ரியோசிஸிலிருந்தே வருகிறது, ஏஆர்ஐடி1ஏவோடு பிடென், பீட்டா கேட்டனின் மரபணுக்களும் மாறியிருக்கும், பெரும்பாலும் நன்றாகக் குணமாகிறது. சில பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் சினைப்பையிலும் ஒரே நேரத்தில் இது இருக்கும். இரண்டு தனித்தனிக் கட்டிகள் என்றுதான் நினைத்திருந்தோம், மரபணுவைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே செல்லின் வாரிசுகள்.

மியூசினஸ் வகைதான் எங்களை அதிகம் தடுமாற வைப்பது. சினைப்பையில் கோழை சுரக்கிற கட்டி என்றாலே, இது இங்கே பிறந்ததா, வயிறு, குடல், குடல்வால், கணையம் எங்கிருந்தாவது வந்ததா என்று கேட்டுக்கொண்டுதான் ரிப்போர்ட் எழுத வேண்டும். 1896இல் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் க்ரூக்கன்பெர்க் சினைப்பையிலேயே பிறந்த புதிய கட்டி என்று விவரித்தது, சில வருடங்களிலேயே பெரும்பாலும் இரைப்பையிலிருந்து பரவி வந்தது என்று தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும், 10 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் சினைப்பையில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு பக்கமும் சிறிதாக இருந்தால் இந்த விருந்தாளி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். சினைப்பையில் பிறந்ததில் கேராஸ் என்ற மரபணுவின் மாற்றம் அதிகம், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஹெர்2 என்ற மரபணு பெருகியிருக்கும். யாருக்காவது இந்த வகை என்று வந்து, எண்டோஸ்கோபியும் கொலனோஸ்கோபியும் செய்யச் சொன்னால் ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

லோ கிரேடு சீரஸ் என்ற பெயரைப் பார்த்து ஹை கிரேடின் மெதுவான வடிவம் என்று நினைத்துவிடுவார்கள். அதுவும் தனி நோய். டிபி53 கெடுவதில்லை, கேராஸ், பிராஃப், என்ராஸ் பாதை கெடுகிறது, கீமோ அவ்வளவாகப் பிடிக்காது, லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மருந்துகள் பிடிக்கும். நோய் திரும்பியவர்களுக்கு டிராமெடினிப் பலன் தருவதை 2022இல் காட்டினார்கள், 2025இல் கேராஸ் மாறியவர்களுக்கென்று அவுடோமெடினிப், டிஃபாக்டினிப் என்ற ஜோடி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வருடக்கணக்காக எல்லோருக்கும் ஒரே கீமோ என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், ஒரு சின்ன வகைக்கென்று தனி மருந்து வந்தது பூர்வீகத்தையும் மரபணுவையும் பிரித்துப் பார்த்ததால்தான்.

உண்மையிலேயே சினைப்பையில் பிறக்கிறவையும் உண்டு. முட்டையைச் சுற்றி இருந்து ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வருவது கிரானுலோசா செல் கட்டி. பெரியவர்களுக்கு வருகிற வகையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளிலும் ஃபாக்ஸ்எல்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து, அதுவும் அதே இடத்தில் அதே எழுத்து, மாறியிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். ஒரு கேன்சருக்கு ஒரே ஒரு எழுத்து என்பது எங்கள் துறையில் அபூர்வம். மெதுவாக வளரும், ஆனால் 20 வருடம் கழித்துக்கூடத் திரும்பலாம், அதனால் “ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனி வர வேண்டாம்” என்ற பேச்சு அவர்களுக்குக் கிடையாது. செர்டோலி லேடிக் கட்டியில் ஆண் ஹார்மோன் சுரந்து குரல் தடிக்கலாம், முகத்தில் முடி வளரலாம். அங்கே டைசர்1 மரபணுவைப் பார்க்க வேண்டும், அது பிறவியிலேயே மாறியிருந்தால் குடும்பத்துக் குழந்தைகளின் நுரையீரலையும் தைராய்டையும் கவனிக்க வேண்டிவரும். முட்டையாக வேண்டிய செல்லிலிருந்தே வருகிற ஜெர்ம் செல் கட்டிகள் பதின்ம வயதுப் பெண்களுக்கு அதிகம், கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலானவை ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்து, தேவைப்பட்டால் கீமோ கொடுத்து முழுமையாகக் குணமாகின்றன, பின்னால் குழந்தை பெறவும் முடிகிறது. எல்லாவற்றிலும் கொடியது, இளம்பெண்களுக்கு வருகிற, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுகிற ஒரு சிறுசெல் கட்டி. 2014இல்தான் அதன் காரணம் ஸ்மார்க்ஏ4 மரபணு என்று தெரிந்தது. டிஎன்ஏவைத் தளர்த்துகிற புரதக் கூட்டம் என்று மேலே சொன்னேனே, ஸ்மார்க்ஏ4 அதே கூட்டத்தின் இன்னொரு உறுப்பினர். ஒரே கூட்டத்தில் யார் கெட்டார்கள், எந்தச் செல்லில் கெட்டார்கள் என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசமான நோய்கள்.

இனி அம்மா. அவரிடம் இதை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டதால் கேன்சர் வரவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற பெண்களுக்குக் கிளியர் செல் வகை வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு, எண்டோமெட்ரியாய்டு வகைக்குச் சுமார் இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆனால் அடிப்படை வாய்ப்பே சிறியது, எல்லா வகைகளையும் சேர்த்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 100 பெண்களில் வாழ்நாளில் சினைப்பைக் கேன்சர் வருகிறவர்கள் 2 பேருக்கும் குறைவு. கேன்சரே இல்லாத எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் சிலரிடம் கேராஸ், ஏஆர்ஐடி1ஏ மாற்றங்கள் இருப்பதை 2017இல் காட்டியிருக்கிறார்கள். அந்த மாற்றங்களோடு அவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். எந்தச் சிஸ்ட் மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே சொல்ல டாக்டர்களுக்கே வழி இல்லாதபோது ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? மாதவிடாய் வலியைப் பொறுத்துக்கொள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள், அதை மாற்ற வேண்டும், ஆனால் அதற்கான குற்றப் பத்திரிகையை உங்கள் அம்மா பெயரில் எழுத வேண்டாம்.

மகளை மகப்பேறு டாக்டரிடம் அழைத்துப் போங்கள், கேன்சர் பயத்துக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்கு வலிக்கிறது என்பதற்காக. பள்ளிக்கூடம் போக முடியாத அளவு வலி சாதாரணம் கிடையாது. ஹார்மோன் மாத்திரை தந்தால் பயப்படாதீர்கள், அது எண்டோமெட்ரியோசிஸ் வலியைக் குறைக்கிறது, கருத்தடை மாத்திரைகள் சினைப்பைக் கேன்சர் வாய்ப்பையும் குறைக்கின்றன. சினைப்பைக் கேன்சரில் ரத்தத்தில் ஏறுகிற சிஏ 125 என்ற புரதத்தை வருடாவருடம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில் இப்படி வருடந்தோறும் சோதித்தது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே அந்த அளவு ஏறலாம், வீண் பீதிதான் மிஞ்சும்.

தங்கைக்கு இப்போது செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டில் நேப்சின் ஏ பாசிட்டிவ், டபிள்யூடி1 நெகட்டிவ், பி53 (டிபி53 மரபணுவின் புரதம்) ‘வைல்ட் டைப்’, அதாவது இயல்பானது, என்று இருந்தால் கிளியர் செல் என்ற முடிவு உறுதியானது. இந்தச் சாயங்கள் எதுவும் போடாமல் பெயர் மட்டும் எழுதியிருந்தால், பெண்ணுறுப்புக் கட்டிகளை அதிகம் பார்க்கிற ஒரு பேத்தாலஜிஸ்டிடம் ஸ்லைடையும் பிளாக்கையும் காட்டி இரண்டாவது கருத்து கேளுங்கள். அரிய வகைகளில் இது சாதாரணமாகச் செய்வதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நோய் முற்றிய நிலையில் கிளியர் செல்லுக்குக் கார்போபிளாட்டின் கீமோ ஹை கிரேடு சீரஸ் அளவுக்குக் கேட்பதில்லை என்று எங்காவது படிப்பீர்கள். அது உண்மை, ஆனால் உங்கள் தங்கை அந்த நிலையில் இல்லை, முதல் நிலையில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள். கீமோ எத்தனை சுற்று என்பதை, சிஸ்ட் உடையாமல் முழுதாக வந்ததா என்பது உட்பட எல்லாவற்றையும் பார்த்து ஆன்காலஜிஸ்ட் சொல்வார்.

இன்னும் ஒன்று, இதை இன்றே தங்கையிடம் சொல்லிவிடுங்கள். கிளியர் செல் வகையில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து மற்ற வகைகளைவிட அதிகம், ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோ சமயத்திலும் இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் சதை இறுகி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லுங்கள். எம்எம்ஆர் ரிசல்ட் வந்ததும், நான்கு பெயர்களுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள், அடுத்தது என்ன என்று பார்க்கலாம்.